‘உங்களிடம் இருப்பான் என்று நினைத்தேன்’

கேள்வி:

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு வணக்கம். எனக்கு ஒன்பது வயதில் ஒரு மகளும் நான்கரை வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். மூன்று வாரங்களுக்கு முன்பு குடும்பத்தோடு ஒரு பெரிய வணிக வளாகத்துக்குப் போயிருந்தோம். நான், கணவர், மாமியார், கொழுந்தனார் என்று பெரியவர்களே நான்கு பேர். நான் பணம் செலுத்திவிட்டுத் திரும்பினால் மகனைக் காணவில்லை. ‘உங்களிடம் இருப்பான் என்று நினைத்தேன்’ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இருபது நிமிடங்கள் தேடிய பிறகு, கீழ்த்தளத்தில் நகரும் படிக்கட்டின் அருகே நின்று அதையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். துப்புரவுப் பணி செய்யும் ஓர் அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓடிப்போன வேகத்தில் அவனை அடித்துவிட்டேன். ‘தம்பியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா’ என்று மகளையும் எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டேன். அன்றிலிருந்து மகன் என்னைவிட்டு நகர மறுக்கிறான். மகள் சரியாகப் பேசுவதில்லை. ‘பிள்ளை பிடிக்கிறவன் தூக்கிக்கொண்டு போய்விடுவான்’ என்று மாமியார் அவனிடம் தினமும் சொல்கிறார். அந்தப் பயம் இருந்தால்தான் நல்லது என்கிறார். இருக்கும் இடத்தைக் காட்டும் கைக்கடிகாரம் வாங்கிவிட்டால் போதும் என்பது கணவரின் கருத்து. அடுத்த மாதம் ஒரு நீண்ட ரயில் பயணம் இருக்கிறது. கிளம்பவே பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

– ஒரு தாய்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

ரயில் பயணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதற்கு முன்பு வீட்டுக்குள் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதை இன்றைக்கே செய்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் உங்கள் மகள்.

ஒன்பது வயதுப் பெண்ணைத் தம்பிக்குத் துணையாக இருக்கச் சொல்லலாம். காவலுக்கு வைக்க முடியாது. அன்றைக்கு அவளும் கடைக்கு வந்த குழந்தைதான். நான்கு பெரியவர்கள் கோட்டைவிட்டது கடைசியில் அவள் தலையில் வந்து விழுந்திருக்கிறது. "அன்று தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாங்கள். உன்னைத் திட்டியது என் தவறு" என்று அவளிடம் சொல்லுங்கள். எல்லோர் முன்னாலும் திட்டினீர்கள் அல்லவா? இதையும் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். பாட்டியும் சித்தப்பாவும் காது கொடுத்துக் கேட்கும்படி சொன்னால்தான் அவள் மனம் ஆறும். ‘என்னால்தான் தம்பி தொலைந்துபோனான்’ என்ற நினைப்பைப் பெரியவர்களான பிறகும் சுமந்துகொண்டு வருகிறவர்களைச் சந்திக்கும் வேலை என்னுடையது. மூன்று வாரங்களாக அவள் பேசாமலிருப்பதைச் சாதாரணப் பிணக்கு என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்து மகன். அவன் பக்கத்திலிருந்து அன்றைய நாளைப் பாருங்கள். படிகள் தானாக முளைத்து, நகர்ந்து, தரைக்குள் மறைந்துகொண்டே இருந்தன. அவன் வயதில் அதைவிட அதிசயம் வேறென்ன இருக்க முடியும்? பார்த்துக்கொண்டே நின்றான். திடீரென்று அம்மா ஓடி வந்தார், அடி விழுந்தது. இருபது நிமிடங்களுக்கு முன்பு உங்களைவிட்டு விலகியதற்காக அந்த அடி என்று கோத்துப் பார்க்கும் ஆற்றல் நான்கரை வயதில் வாய்ப்பதில்லை. அம்மா வந்தார், அடித்தார் என்பது மட்டும்தான் அவனுக்குள் பதிந்திருக்கும். இதில் நான் கவலைப்படுவது அடுத்த முறையைப் பற்றி. காணாமல்போன குழந்தை, கண்டுபிடித்தால் அடி விழும் என்று நினைத்துவிட்டால், பெயர் சொல்லிக் கூப்பிடும் குரலைக் கேட்டும் வெளியே வராமல் ஒளிந்துகொள்ளும்.

அடித்ததற்காக உங்களையே வதைத்துக்கொள்ள வேண்டாம். இருபது நிமிடம் அடக்கிவைத்த திகில் அது. ஆனால் அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள், கேட்டுவிட்டு ஒரு வாக்கும் கொடுங்கள்: "நீ எங்கே தொலைந்தாலும் அம்மா தேடி வருவேன். கிடைத்ததும் கட்டிக்கொள்வேன். அடிக்கவே மாட்டேன்." இதைப் பல நாள் பல முறை சொல்லுங்கள். அவன் இப்போது உங்களைவிட்டு நகர மறுப்பது பிடிவாதத்தால் வந்ததில்லை. ஓர் அடியும் பிள்ளை பிடிக்கிறவன் கதையும் சேர்ந்து செய்த வேலை அது. கதையை நிறுத்தி, இந்த வாக்கைக் கொடுத்தால் பெரும்பாலும் சில வாரங்களில் தளர்ந்துவிடும். தூக்கத்தில் அலறுவது, பழக்கம் மாறியிருந்த குழந்தை மறுபடி படுக்கையை நனைப்பது போன்றவை ஒரு மாதத்துக்கு மேலும் தொடர்ந்தால் குழந்தை மனநல ஆலோசகரை நேரில் பாருங்கள்.

இனி, அன்று அவன் தொலைந்தது எப்படி என்பதைப் பார்ப்போம். ‘நான்கு பேர் இருந்துமா?’ என்று நீங்கள் வியக்கிறீர்கள். நான்கு பேர் இருந்ததால்தான் என்பேன். 1968இல் ஜான் டார்லி, பிப் லடானே என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். அடுத்த அறையில் ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் ஒலிபெருக்கியில் கேட்கச் செய்தார்கள். அதைக் கேட்பது தான் ஒருவர் மட்டுமே என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர், அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவிக்கு ஓடினார்கள். தன்னைத் தவிர இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதம் பேர்தான் அப்படி ஓடினார்கள். கல்நெஞ்சக்காரர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. பொறுப்பு பல பேருக்குப் பங்காகும்போது ஒவ்வொருவருக்கும் அது லேசாகிவிடுகிறது. நீங்கள் தனியாகப் போயிருந்தால் பணம் செலுத்தும்போது அவன் கையை விட்டிருக்கமாட்டீர்கள்.

ஆகவே உங்கள் வீட்டில் இன்றே ஒரு வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். வெளியிடத்தில் எந்த நேரத்திலும் மகன் ஒரே ஒருவரின் பொறுப்பில் இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு கைமாறும்போது வாய்விட்டுச் சொல்லி மாற வேண்டும். "இப்போது அவன் உங்களிடம்" என்று நீங்கள் சொல்ல வேண்டும். "சரி, என்னிடம் இருக்கிறான்" என்று கணவர் பதில் சொல்ல வேண்டும். தலையசைப்பு போதாது, கண் ஜாடையும் போதாது. குழந்தையின் கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு நேரடியாகப் போய்ச் சேர வேண்டும். பொறுப்பில் இருப்பவர் அந்த நேரத்தில் செல்பேசியைத் தொடக் கூடாது. அழைப்பு வந்தால் குழந்தையைக் கைமாற்றிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். முதல் சில நாட்கள் இது நாடகம்போலத் தோன்றும். மாமியார் சிரிக்கக்கூடும். சிரித்தாலும் பரவாயில்லை, விடாதீர்கள்.

குழந்தைகள் நழுவும் நேரங்களைக் கவனித்தால் அவை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். பணம் செலுத்துவது, தொலைபேசியில் பேசுவது, தெரிந்தவரைச் சந்திப்பது, வண்டியிலிருந்து பொருட்களை இறக்குவது, வரிசையில் காத்திருப்பது. இவற்றில் எல்லாம் நம் கண்ணும் கையும் ஒருசேர வேறொன்றில் மாட்டிக்கொள்கின்றன. தனியாகப் போகும்போது பணம் செலுத்தும் இடத்தில் குழந்தையை உங்களுக்குப் பின்னால் நிறுத்தாதீர்கள். மேசைக்கும் உங்கள் உடலுக்கும் நடுவில் நிறுத்துங்கள். அவன் நகர்ந்தால் உங்கள் கால் உணரும். வண்டி நிறுத்துமிடத்தில், நீங்கள் பைகளை அடுக்கி முடிக்கும்வரை இரண்டு உள்ளங்கைகளையும் வண்டியின்மேல் ஒட்டவைத்திருப்பது ஒரு விளையாட்டாகவே நடக்கட்டும். ‘ஓடாதே’ என்பதைவிட ‘கையை இங்கே வை’ என்பது சின்னக் குழந்தைக்கு எளிது, ஏனென்றால் செய்வதற்கு அதில் ஒரு காரியம் இருக்கிறது.

கையைப் பிடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூட்டத்தில் விரல்களைக் கோத்துப் பிடித்தால் ஒரு தள்ளு வந்தாலே நழுவிவிடும். மணிக்கட்டோடு சேர்த்துப் பிடியுங்கள். ஆனால் பிடித்த கையை வெடுக்கென்று இழுக்கவோ, ஒற்றைக் கையால் தூக்கவோ கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அப்படி இழுத்தால் முழங்கை எலும்பு எளிதாக விலகிக்கொள்ளும். கூட்டம் மிக நெருக்கமாக இருந்தால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வதுதான் சரி.

‘சொன்ன பேச்சைக் கேட்காமல் போய்விட்டான்’ என்று வீட்டில் யாராவது இன்னும் சொல்லிக்கொண்டிருந்தால், அடுத்த முறை கூட்டமான இடத்தில் ஒரு தடவை முழங்காலிட்டு உட்கார்ந்து சுற்றிலும் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு வயதுக் குழந்தையின் நடுத்தர உயரம் உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஏறக்குறைய 103 சென்டிமீட்டர். கண் அதற்கும் கீழே இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் முகங்களே தெரியாது. கால்கள், தொங்கும் பைகள், மேசைகளின் விளிம்புகள், அவ்வளவுதான். உங்கள் முழங்காலை வைத்துத்தான் அவன் உங்களைப் பின்தொடர்கிறான். அதே நிற உடையில் வேறொரு பெண் குறுக்கே வந்தால் அவர் பின்னால் போய்விடுவான். இந்த வயதில் குழந்தை அம்மாவை விட்டு ஓடுவது அபூர்வம். ஏதோ ஒன்றை நோக்கிப் போகும். அம்மா பின்னாலேயே வருவார் என்று முழுமனதாக நம்பிக்கொண்டு போகும்.

உங்கள் மகனையே எடுத்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தையின் நடை மணிக்கு மூன்று கிலோமீட்டர் என்று வைத்தாலும் நிமிடத்துக்கு ஐம்பது மீட்டர். இருபது நிமிடங்களில் ஒரு கிலோமீட்டர் போயிருக்கலாம். ஒரு தளம் மட்டும் இறங்கி நின்றுவிட்டான், ஏனென்றால் தேடிப்போனது அங்கே கிடைத்துவிட்டது. இதில் உங்களுக்கு உதவும் ஒரு செய்தி இருக்கிறது. ஓர் இடத்துக்குள் நுழைந்ததும் அவனை எது இழுக்கும் என்று பாருங்கள். தண்ணீர், விலங்கு, பொம்மை, நகரும் இயந்திரம் எதுவானாலும், முதல் பத்து நிமிடங்களை அதற்குக் கொடுத்துவிடுங்கள். நீங்களும் அவனோடு நின்று அலுக்கும்வரை பாருங்கள். நகரும் படிக்கட்டில் விரலும் செருப்பும் சிக்கிக்கொள்ளும் ஆபத்து இருப்பதால் சற்று தள்ளி நின்றே பாருங்கள். ஆசை தீர்ந்த குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது எவ்வளவோ சுலபம்.

பிள்ளை பிடிக்கிறவன் கதைக்கு வருகிறேன். இதில் நான் கொஞ்சம் அழுத்தமாகவே பேசப்போகிறேன். 2005ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் யூட்டா மாநில மலைக்காட்டில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் வழிதவறிவிட்டான். பெருங்கூட்டமாகத் தேடினார்கள். நான்கு நாட்கள் கழித்து உயிரோடு கிடைத்தான். தேடி வந்தவர்களை அவன் பார்த்திருக்கிறான், பார்த்தும் ஒளிந்துகொண்டிருக்கிறான். முன்பின் தெரியாதவர்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம்தான் காரணம். பதினோரு வயதுப் பையனையே அந்தப் பயம் அப்படிச் செய்தது என்றால் நான்கரை வயதுக் குழந்தையை என்ன செய்யும்? உங்கள் கடிதத்தில் அன்று சரியான காரியத்தைச் செய்த ஒரே பெரியவர் அந்தத் துப்புரவுப் பணியாளர் அம்மா. அவரும் அவனுக்குத் தெரியாதவர்தான். உங்கள் மகன் அவர் கையை நம்பிப் பிடித்துக்கொண்டு நின்றதால்தான் இருபது நிமிடத்தில் கிடைத்தான். தினமும் பயமுறுத்தி வளர்த்தால் அடுத்த முறை அப்படி ஒருவரைக் கண்டு ஓடுவான்.

தெரியாதவரிடம் பேசக் கூடாது என்ற விதி இன்னொரு வகையிலும் குழந்தையைக் கைவிடுகிறது. குழந்தைகளுக்குத் தீங்கு செய்கிறவர்கள் பெரும்பாலும் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர்கள். ஆகவே விதியை மாற்றிச் சொல்லிக்கொடுங்கள்: யார் கூப்பிட்டாலும், தெரிந்தவரானாலும் தெரியாதவரானாலும், அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்லாமல் ஓர் அடிகூட அவரோடு போகக் கூடாது. உதவி கேட்கலாம், கூடப் போகக் கூடாது. இந்த வேறுபாடு நான்கு வயதுக்கு நன்றாகவே புரியும்.

யாரிடம் உதவி கேட்பது? ‘போலீஸ் மாமாவிடம் போ’ என்று சொல்லி வைக்கிறோம். சீருடைகளுக்குள் எது போலீஸ் என்று சின்னக் குழந்தைக்குப் பிரித்தறியத் தெரியாது. தேடும் நேரத்தில் போலீஸ்காரர் பக்கத்தில் இருக்கவும் மாட்டார். குழந்தையோடு நிற்கும் ஓர் அம்மாவைத் தேடச் சொல்லுங்கள். எந்த ஊரிலும் எந்தக் கூட்டத்திலும் அப்படி ஒருவர் கண்ணில் படுவார், பெரும்பாலும் உங்களைக் கண்டுபிடிக்கும்வரை குழந்தையை விட்டுப் போகவும் மாட்டார். அதற்கு அடுத்தபடியாகப் பணம் வாங்கும் மேசைக்குப் பின்னால் இருப்பவர். கேட்க வேண்டியதையும் ஒரே வாக்கியமாகச் சொல்லிக்கொடுங்கள்: "என் அம்மாவைக் காணவில்லை, இங்கேயே இருந்து கூப்பிடுங்கள்."

மாமியாரை இதில் எதிராளியாக ஆக்கிவிடாதீர்கள். பேரன்மேல் உள்ள உயிர்தான் அவரை அப்படிப் பேசவைக்கிறது. கதை சொல்லும் திறமை அவரிடம் இருக்கிறது. கதையை மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள். கூட்டத்தில் அம்மாவைத் தவறவிட்ட ஒரு பையன், நின்ற இடத்திலேயே நின்றான், உரக்கக் கூப்பிட்டான், குழந்தை வைத்திருந்த ஓர் அம்மாவிடம் கேட்டான், பாட்டி வந்து கட்டிக்கொண்டார். இந்தக் கதையை இரவுதோறும் சொன்னால் போதும். நீங்கள் சொல்லும் பத்து அறிவுரைகளைவிட அது அவனுக்குள் ஆழமாக இறங்கும்.

நின்ற இடத்திலேயே நிற்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், தேடுகிறவர், தேடப்படுகிறவர் இருவருமே நகர்ந்துகொண்டிருந்தால் அலசி முடித்த இடத்துக்கே குழந்தை திரும்பி வந்து நிற்கும். அங்கே மறுபடி யாரும் பார்க்கமாட்டார்கள். 1981இல் கலிபோர்னியாவின் பாலோமர் மலைப்பகுதியில் ஒன்பது வயதுச் சிறுவன் தொலைந்து இறந்த பிறகு, தேடப் போனவர்கள் சிலர் சேர்ந்து பள்ளிக் குழந்தைகளுக்காக ஒரு பயிற்சியைத் தொடங்கினார்கள். ‘ஒரு மரத்தைக் கட்டிக்கொள்’ என்பதே அதன் பெயர். தொலைந்துவிட்டோம் என்று தெரிந்த உடனே பக்கத்திலிருக்கும் மரத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே இரு என்பது பாடம். கட்டடத்துக்குள் மரத்துக்குப் பதில் ஒரு தூண் இருக்கலாம், ஒரு மேசை இருக்கலாம். ஏதாவது ஒன்றைத் தொட்டுக்கொண்டு நிற்கும் குழந்தை பதறி அலைவதில்லை.

ஆனால் சொல்லிக் கொடுப்பதோடு நிறுத்திவிட்டால் பயனில்லை. ‘தொலைந்தால் என்ன செய்வாய்?’ என்று கேட்டால் குழந்தை வாயால் அழகாக ஒப்பிக்கும். நிஜமாக நடக்கும்போது அழுதுகொண்டே ஓடும். நடித்துப் பழகிய குழந்தைதான் செய்யும். வீட்டுக் கூடத்தில் தொடங்குங்கள். மகள் குழந்தையோடு நிற்கும் அம்மாவாக நடிக்கட்டும், ஒரு பொம்மையை இடுப்பில் வைத்துக்கொண்டு. நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். அவன் நிற்க வேண்டும், கூப்பிட வேண்டும், கேட்க வேண்டும். பிறகு ஆளில்லாத நேரமாகப் பார்த்து ஒரு சிறிய கடையில் செய்து பாருங்கள். எப்போதும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். பாடம் புகட்டுவதாக நினைத்து, சொல்லாமல் ஒளிந்து நின்று அவன் தவிப்பதைப் பார்க்கும் பழக்கம் சில பெற்றோருக்கு உண்டு. அதை ஒருநாளும் செய்யாதீர்கள். நீங்கள் வேண்டுமென்றே காணாமல் போகக்கூடியவர் என்பதை மட்டும்தான் அவன் அதில் கற்றுக்கொள்வான்.

இந்தப் பயிற்சியில் பெற்றோர் பலரைத் திடுக்கிடவைக்கும் ஓர் இடம் உண்டு. இன்றைக்கு உங்கள் மகனிடம், "அம்மாவின் பெயர் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். ‘அம்மா’ என்றே பதில் வரலாம். கூட்டத்தில் ‘அம்மா’ என்று அழுதால் பத்துப் பெண்கள் திரும்புவார்கள், தங்கள் குழந்தை இல்லை என்று பார்த்துவிட்டு நடந்துவிடுவார்கள். உங்கள் பெயரைச் சொல்லி ஒரு குழந்தை கத்தினால் நீங்கள் மட்டும் திரும்புவீர்கள், மற்றவர்கள் நிற்பார்கள். பெற்றோரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதையில்லை என்ற எண்ணம் வீட்டில் இருந்தால், ‘தொலைந்தால் மட்டும் கூப்பிடலாம்’ என்று அனுமதி கொடுங்கள். அவனுக்கு அது மிகவும் பிடிக்கும்.

தொலைபேசி எண்ணையும் இப்போதே தொடங்கலாம். ஐந்து வயதுவாக்கில் குழந்தையால் ஒருமூச்சில் நினைவில் நிறுத்த முடிவது நான்கு, ஐந்து இலக்கங்கள்தான். ஆகவே எண்ணை மூன்று மூன்றாக உடைத்து, வீட்டில் எல்லோரும் பாடும் மெட்டு ஒன்றில் ஏற்றிவிடுங்கள். ஒரே எண் போதும். அப்பா எண், அம்மா எண், வீட்டு எண் என்று மூன்றையும் திணித்தால் மூன்றும் கலந்துவிடும்.

உங்கள் கணவர் சொல்லும் கைக்கடிகாரத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. திறந்த வெளியில் அது உதவும். ஆனால் செயற்கைக்கோள் சமிக்ஞை கான்கிரீட் கட்டடத்துக்குள் பலவீனமாகிவிடுகிறது. கட்டடத்தைக் காட்டுமே தவிர எந்தத் தளம் என்று பெரும்பாலும் காட்டாது. அன்று உங்களுக்குத் தேவைப்பட்டது தளம்தான். 2021இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஏர்டேக் போன்ற, இருக்கும் இடத்தைக் காட்டும் சிறு வில்லைகளையும் சிலர் குழந்தையின் பையில் போட்டுவைக்கிறார்கள். அவை பொருட்களுக்காகச் செய்யப்பட்டவை. அக்கம்பக்கத்தில் பொருத்தமான செல்பேசிகள் இருந்தால்தான் இடத்தைத் தெரிவிக்கும், அதுவும் சற்றுத் தாமதமாக. இவை எவற்றையும்விட ஒரு சாதாரணத் துணிப்பட்டையின் உட்புறத்தில் அழியாத மையால் உங்கள் எண்ணை எழுதி அவன் கையில் கட்டுவதை நான் நம்புகிறேன். அதற்கு மின்கலம் தீராது. ஆனால் அவன் பெயரை வெளியே தெரியும்படி எழுதிவிடாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரைச் சின்னக் குழந்தை உடனே நம்பிவிடும்.

கிளம்பும் முன்பு வாசலிலேயே அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில், காலையில் நாமே போட்டுவிட்ட சட்டையின் நிறம்கூட நினைவுக்கு வராது. காலணியும் படத்தில் இருக்கட்டும். யாராவது குழந்தையின் சட்டையை மாற்றிவிடலாம், காலணியை மாற்றுவது கடினம்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் வேறு சிலருக்காக ஒரு வார்த்தை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர், நான்கு வயதுக்குப் பிறகு ஒரு முறையாவது பாதுகாப்பான இடத்தைவிட்டு வெளியேற முயன்றிருக்கிறார்கள் என்று 2012இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. அந்தக் குழந்தைகள் கூப்பிட்டாலும் திரும்பாமல் போகலாம். பேசிப் பழகாத குழந்தைக்கு நான் மேலே சொன்ன வாக்கியமும் பயன்படாது. அவர்களுக்குப் பின்புறம் பிடிவார் வைத்த தோள்கச்சையை மாட்டி அழைத்துச் செல்லும் பெற்றோரைப் பார்த்து, ‘பிள்ளையைக் கட்டி இழுக்கிறார்களே’ என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். குழந்தையின் உயிர்தான் முக்கியம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நாள் காணவில்லை என்றால், முதல் நிமிடங்களை வீணாக்காதீர்கள். நீங்கள் அன்று செய்தது போலவே எல்லோரும் செய்கிறார்கள்: எல்லாத் திசையிலும் சிதறி, பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். ஒருவர் கடைசியாக அவனைப் பார்த்த இடத்தைவிட்டு நகரவே கூடாது. குழந்தைகள் பல முறை அங்கேயே திரும்பி வருகிறார்கள். ஆபத்தான இடத்துக்கு ஒருவர் முதலில் ஓட வேண்டும். குளம், நீச்சல் தொட்டி, நீரூற்று என்று தண்ணீர் எங்காவது இருந்தால் அங்கேதான் முதலில். நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் சத்தம் போடாது. நீர்மட்டத்தில் தத்தளிப்பது இருபது நொடியிலிருந்து ஒரு நிமிடம்வரைதான். தண்ணீர் இல்லையென்றால் வாகனங்கள் போகும் வழிக்கும் வெளிவாசலுக்கும். குழந்தை எங்கேயோ விளையாடிக்கொண்டிருந்தால் இரண்டு நிமிடம் தாமதமாகக் கண்டுபிடித்தாலும் நட்டமில்லை.

குரல் கொடுக்கும்போது பெயரோடு அடையாளத்தையும் கத்துங்கள்: "நான்கு வயதுப் பையன், மஞ்சள் சட்டை, நீலச் செருப்பு!" பெயர் மற்றவர்களுக்கு உதவாது. மஞ்சள் சட்டை என்றால் அங்கே நிற்கும் நூறு பேரும் தேட ஆரம்பித்துவிடுவார்கள். கூச்சமே வேண்டாம். அங்கே வேலை செய்பவர்களிடம் உடனே சொல்லுங்கள். 1994இல் வால்மார்ட் நிறுவனம் தன் கடைகளில் ‘கோட் ஆடம்’ என்ற நடைமுறையைக் கொண்டுவந்தது. பிறகு வேறு பல நிறுவனங்களும் அதைப் பின்பற்றின. குழந்தையைக் காணவில்லை என்று ஒருவர் சொன்னதும் அடையாளத்தை எல்லா ஊழியர்களுக்கும் அறிவித்து, வாசல்களில் ஆள் நிறுத்தித் தேடுகிறார்கள். பத்து நிமிடத்துக்குள் கிடைக்காவிட்டால் போலீஸை அழைக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடம் உங்களுக்கும் ஓர் எல்லையாக இருக்கட்டும். காணாமல்போன 24 மணி நேரத்துக்குப் பிறகுதான் புகார் கொடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். சின்னக் குழந்தை விஷயத்தில் அப்படிக் காத்திருக்கத் தேவையே இல்லை.

ரயில் பயணத்துக்குப் போங்கள். இதற்குள் ஒரு மாதம் பழகியிருப்பீர்கள். அதற்கு முன்பு, கூட்டம் குறைந்த ஓர் இடத்துக்கு அரை மணி நேரம் மட்டும் அவனை அழைத்துப் போய், அவன் விரும்பும்வரை கையைப் பிடித்துக்கொண்டே நடந்துவிட்டு வாருங்கள். ‘இவ்வளவு பெரியவன் கையைப் பிடிக்கிறானே’ என்று யாரும் கேலி செய்ய வேண்டாம்.

ரயில் ஏறும் நாளில் பெட்டிகளைக் கொழுந்தனாரிடம் ஒப்படைத்துவிடுங்கள். அவருக்கு வேறு பொறுப்பு வேண்டாம். மகனுக்கு நீங்கள், மகளுக்குக் கணவர் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். மகளின் பையில் உங்கள் எண்ணும் ரயிலின் பெயரும் பெட்டி எண்ணும் எழுதிய தாள் இருக்கட்டும். ஏறும்போது கணவர் முதலில் ஏற வேண்டும், பிறகு பிள்ளைகள், கடைசியில் நீங்கள். இறங்கும்போதும் அதே வரிசைதான்: கீழே ஒருவர் நின்ற பிறகே பிள்ளைகள் இறங்க வேண்டும், பெட்டிக்குள் ஒருவர் கடைசிவரை இருக்க வேண்டும். இடையில் நிற்கும் நிலையங்களில் எதையாவது வாங்க இறங்குகிறவர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இறங்க வேண்டாம். கழிவறைக்கு அவன் தனியாகப் போக வேண்டாம். இரவில் சுவர்ப்பக்கமாகப் படுக்கவையுங்கள்.

நெரிசலில் ஒருவர் ஏறி ஒருவர் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதையும் கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ரயிலோடு போனவர் அது அடுத்து நிற்கும் நிலையத்தில் இறங்கி அங்கேயே காத்திருக்க வேண்டும். நடைமேடையில் நிற்கிறவர் அங்கிருந்து நகராமல் நிலைய ஊழியரிடம் சொல்ல வேண்டும். மகனுக்கு இவ்வளவும் தேவையில்லை. ரயிலுக்குள் இருந்தால் இருக்கையை விட்டு இறங்காமல் குழந்தை வைத்திருக்கும் அம்மாவிடம் கேள், நடைமேடையில் இருந்தால் ரயில் போய்விட்டாலும் நின்ற இடத்திலேயே நில், நாங்கள் வந்துவிடுவோம் என்று சொல்லி, அந்த இரண்டையும் முந்தைய நாள் மாலை கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு அவனோடு நடித்துப் பாருங்கள்.